தூ என்று சொல்லிப் பழகினேன்

வகுப்பறையின் நடுவே ஒரு மேசை. அதன்மேல் இரண்டு வெறும் கடதாசிக் கோப்பைகள். மேசைக்கு அந்தப் பக்கம் கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவர்தான் அன்றைக்கு எனக்குப் புருசன்.

காலை நேரம், புருசன் வேலைக்குப் போகப் போகிறார், கோப்பி வேண்டுமா என்று பிரெஞ்சில் கேட்க வேண்டும். இதுதான் டீச்சர் தந்த நாடகம்.

நான் எழுந்து நின்றேன். இழுத்து விடச் சேலைத் தலைப்பு இல்லாததால் ஸ்வெட்டரின் நுனியை இழுத்து விட்டுக்கொண்டேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, "தாங்கள் கோப்பி அருந்துவீர்களா, ஐயா?" என்று எனக்குத் தெரிந்த நல்ல பிரெஞ்சில் கேட்டேன்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கொலம்பியாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மரியாதை அவருக்குப் பிடித்துப் போயிருக்க வேண்டும்.

டீச்சரின் பெயர் ஜெனெவியெவ். என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செல்வராணி, அவர் உன்னுடைய கணவர், வங்கி மனேஜர் இல்லை" என்றாள். வீட்டு மனிதரைக் கூப்பிடப் பிரெஞ்சில் 'தூ' என்று ஒரு சொல் இருக்கிறதாம். அதைச் சொல்லிக் கேட்கட்டாம்.

என் வாய் திறக்கவில்லை.

துப்புவதும் துரத்துவதும்

பிரெஞ்சு படிக்கும் பாக்கியம் கிடைக்காதவர்களுக்கு ஒரு விளக்கம். நமது 'நீங்கள்' போல அந்த மொழியில் ஒரு 'வூ' இருக்கிறது. நமது 'நீ' போல ஒரு 'தூ' இருக்கிறது. 'வூ' எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலாளிக்கு வூ, பஸ் சாரதிக்கு வூ, சந்தைப் பூனைக்கும் வூ.

'தூ'தான் தொண்டையில் நின்றது. தமிழில் ஒருவர் முகத்தைப் பார்த்து 'தூ' என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு இரண்டு குடும்பத்துக்கும் இடையில் நல்லது கெட்டது இல்லை. போதாததற்கு, பிரெஞ்சு பேசும் இந்த மாகாணத்தில் உள்ளவர்கள் அதை நேராகவும் சொல்வதில்லை. 'ட்ஸூ' என்கிறார்கள். பாதி துப்புவது, பாதி கோழி துரத்துவது. கட்டின புருசனிடம் அதைச் சொல்ல வேண்டுமாம்.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக 'இவர்' என்று நான் எழுதும் ஆளுக்குச் சிவநேசன் என்று பெயர். இருபத்தேழு வருடக் கல்யாணத்தில் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னது பாஸ்போட் கந்தோரில் மட்டும்தான். வீட்டில் 'இஞ்சேருங்கோ'. இவர் என்னைக் கூப்பிடுவது 'இஞ்ச வா'. எனக்கு இவர் நீங்கள், இவருக்கு நான் நீ. மகள் பிறந்து, படித்து, ஒட்டாவாவுக்கு வேலைக்குப் போன பிறகும் அதில் ஒரு மாற்றமும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நடுவில் 'நீர்' என்று ஒரு படியும் உண்டு. எங்கள் மேல்மாடி மனிதர் தன் மனைவியிடம் "நீர் சாப்பிட்டீரே?" என்று கேட்பது படிக்கட்டு வழியாகக் கேட்கும். எனக்கு அவர் சம்பளத்தில் பொறாமை வந்ததில்லை. அந்த 'ர்'ரில்தான் வந்தது.

குளிரறையிலிருந்து கவுண்டருக்கு

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஏன் இந்தப் படிப்பு என்று கேட்பீர்கள். போன வாரம் எழுதிய குளிரறைதான் காரணம். ஜான்-டலோன் சந்தையில் நான் வேலை செய்த மரக்கறிக் கடைக்குப் பின்னால் அது இருந்தது. அதற்குள் நின்று வெங்காயமும் கரட்டும் தரம் பிரித்துப் பிரித்து என் விரல்கள் மடங்க மறுத்தன. காலையில் சட்டைப் பொத்தான் போட இவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

முன் கவுண்டரில் மிர்லாந்த் நின்றாள். ஹெயிட்டி நாட்டுக்காரி, என்னைவிட மூத்தவள், கடைக்கே குரல் அவள்தான். முழங்கால் முடியாமல் அவள் பனிக்காலத்தோடு வேலையை விடப் போகிறாள் என்று தெரிந்ததும் முதலாளி என்னிடம் வந்தார். பிரெஞ்சு வாய்மொழிச் சோதனையில் சித்தியடைந்தால் கவுண்டர் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்றார்.

சோதனையில் இரண்டு பகுதி. ஒன்று கந்தோர்ப் பேச்சு, அதில் எல்லாம் வூ. மற்றது வீட்டுப் பேச்சு, அதில் எல்லாம் தூ. முதலாவதில் என்னை அடிக்க ஆள் இல்லை என்றாள் ஜெனெவியெவ். இரண்டாவதில் இப்படியே நின்றால் குளிரறைதான் என்றாள்.

தலை போன கதை

நான் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்து, அடுத்த வகுப்பில் அவள் பிரெஞ்சுப் புரட்சியை எடுத்தாள். அதற்கு முன் என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். ராணி என்றால் ராணிதான் என்றேன். "அப்படியானால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கேள்" என்றாள்.

அரசனும் ராணியும் தலையை இழந்த காலத்தில், பாரிஸில் 'வூ' சொன்னவர்களைச் சந்தேகமாகப் பார்த்தார்களாம். மனிதர் எல்லாரும் சமம் என்று கடதாசியில் எழுதிவிட்டு ஒருவருக்கு வூ, இன்னொருவருக்குத் தூ என்றால் எப்படி? ஆகவே எல்லாருக்கும் தூ. நீதவானுக்குத் தூ, மீன்காரிக்குத் தூ. சில வருடத்தில் ஒரு தளபதி தன்னைத் தானே பேரரசன் என்றார். வூவும் வெட்கமில்லாமல் திரும்பி வந்தது.

பெண்களுக்கும் இந்த உரிமை எல்லாம் உண்டுதானே என்று நான் கேட்டேன். உண்டு என்று எழுதிய ஒரு பெண்ணின் தலையையும் வெட்டினார்கள் என்றாள். கத்தி ஆண் பெண் பார்க்கவில்லை போல.

இந்தக் கதையை வீட்டில் சொன்னேன். இவருக்கு முகம் மலர்ந்தது. ஊரில் இளந்தாரியாக இருந்தபோது இவர் ஒரு வாசிப்பு வட்டத்தில் இருந்தவர். பேப்பர்காரன் முதல் தபால்காரன் வரை எல்லாரும் இவருக்குத் 'தோழர்'. அமெரிக்கப் புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி எல்லாம் வருடத்தோடு ஒப்பிப்பார்.

மூன்று பின்னேரம் எனக்குச் சமத்துவம் படிப்பித்தார். "நீ இதை விளங்கிக்கொள்ள வேணும், இஞ்ச பார்" என்று தொடங்கி, "இப்ப போய்த் தேத்தண்ணி போடு" என்று முடித்தார்.

ஒரே திங்கள், இரண்டு விடுமுறை

இவர் வேலை செய்வது துறைமுகத்துப் பண்டகசாலையில். போகிற வழியில், பெரிய பாலத்தடியில், கல்லால் கட்டிய பழைய சிறை ஒன்று இருக்கிறது. மனிதர் சமம், மக்களுக்கே ஆட்சி என்று கிளம்பிய இந்த ஊர்க் கலகக்காரர் சிலரை அங்கேதான் தூக்கிலிட்டார்கள். பிற்காலத்தில் அது அரசாங்கத்தின் சாராயக் கந்தோரானது. உயிர் கொடுத்தவர்கள் மேலிருந்து பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. இவர் மட்டும் அந்த இடம் வந்தால் பஸ்ஸுக்குள்ளேயே தொப்பியைக் கழற்றுவார்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை எங்களுக்கு அந்தக் கலகக்காரர் பெயரில் விடுமுறை. ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கைக்கும் அதே திங்கள் விடுமுறைதான். ஆனால் அவளுக்கு அது பழைய மகாராணியின் பிறந்தநாள். எங்கள் ஆட்கள் கிளம்பியது அதே மகாராணி முடிசூடிய காலத்தில்தான். ஒரே நாடு, ஒரே நாள், ஒரு பக்கம் ராணிக்கு வாழ்த்து, மறுபக்கம் ராணியை எதிர்த்தவர்க்கு அஞ்சலி. தங்கையும் நானும் அன்றைக்குப் போனில் கதைத்தால் கட்டாயம் சண்டை வரும். ராணி காரணமில்லை, அம்மாவின் தாலிக்கொடிதான் காரணம்.

மிர்லாந்துக்கு இந்தக் கதையெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் அவள் தன் நாட்டுக் கதையைச் சொன்னாள். பிரெஞ்சுக்காரர் பாரிஸில் மனிதர் எல்லாரும் சமம் என்று எழுதினார்கள். அந்தச் செய்தி கப்பலேறி, அவர்கள் கரும்புத் தோட்டத்தில் அடிமையாக வைத்திருந்த ஆட்களின் காதிலும் விழுந்தது. அடிமைகள் அதைத் தங்களுக்கும் சேர்த்து எழுதியதாகவே எடுத்துக்கொண்டார்கள். பெரிய படை வந்தும் அவர்களை மடக்க முடியவில்லை. தனி நாடாகவே ஆகிவிட்டார்கள்.

"எல்லாரும் என்று எழுதியிருந்தது" என்றாள் மிர்லாந்த், வாழைக்காய்ப் பொரியலை மென்றுகொண்டே. "நாங்கள் அதை எழுத்துப் பிழை என்று நினைக்கவில்லை." பிறகு என்னைப் பார்த்து, உன் புருசனை எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் அனுமதி கேட்டுக்கொண்டா இருக்கிறாய் என்று கேட்டாள்.

சீனி போடுவியே

அனுமதி கேட்டேன், வேறு என்ன செய்வது. சோதனைக்காக வீட்டில் பிரெஞ்சில் 'தூ' சொல்லிப் பழகலாமா என்று இவரைக் கேட்டேன். இவர் பெரிய மனதோடு சம்மதித்தார். மகள் பாலர் பள்ளிக் காலத்திலிருந்தே இவரைப் பிரெஞ்சில் தூ என்றுதான் சொல்கிறாள். அதற்கு இவருக்குப் பெருமையே தவிரக் கோபம் வந்ததில்லை. பிரெஞ்சு வேறு, தமிழ் வேறு என்பது இவருடைய கொள்கை.

முதல் நாள் நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். இரண்டாம் நாள் இவருடைய காதைப் பார்த்துச் சொன்னேன். ஒரு கிழமையில் கண்ணைப் பார்த்தே வந்துவிட்டது. தூ தேநீர் குடிக்கிறாயா, தூ சப்பாத்தை எங்கே கழற்றினாய், தூ ஏன் குப்பையைக் கீழே கொண்டுபோகவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு முதுகு நிமிர்ந்தது. இதையும் நான் ஒளிக்கப் போவதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் நிர்வாகசபையிலிருந்து இவருடைய சிநேகிதர் ஒருவர் தேர்த்திருவிழா அலுவலாக வந்தார். நான் தேநீரோடு போனேன். சிநேகிதருக்குச் சீனி கேட்டுப் போட்டேன். பிறகு இவர் பக்கம் திரும்பினேன். பிரெஞ்சில் நினைத்தது தமிழில் வந்து விழுந்தது.

"நீ சீனி போடுவியே?"

சிநேகிதர் தேநீருக்குள் ஏதோ விழுந்ததைத் தேடுவது போலக் குனிந்து பார்த்தார். இவருடைய முகம் பீட்ரூட் ஆனது. மூன்று கரண்டி சீனியைத் தானே அள்ளிப் போட்டுக்கொண்டார். இவருக்குச் சலரோகம், அதாவது சீனி வியாதி.

படிப்பு போதும்

நாலு நாள் இவர் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள், ஆட்களுக்கு முன்னால் தன்னை அவமானப்படுத்திவிட்டேன் என்றார். கோயில் முழுக்கக் கதை பரவியிருக்கும் என்றார். பரவித்தான் இருந்தது. கடைசியில் தீர்ப்பையும் சொன்னார்.

"உந்தப் படிப்பு போதும். நாளையில இருந்து போகாத."

சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நான் என் விரல்களைப் பார்த்தேன். எழுந்து குசினிக்குள் போனேன்.

குசினிக்குள் நின்றபோது எனக்கு ஒரு கதை நினைவுக்கு வந்தது. இவர் நூறு முறை சொன்ன கதை. மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டில்கூட மைக்கில் சொன்னார்.

ஊரில் இவர்கள் வளவுப் பனைகளில் ஏறிக் கள்ளுச் சீவ ஒரு முதியவர் வருவாராம். அந்தக் காலத்தில் அவரைப் போன்றவர்களை வெள்ளாளர் வீட்டில் நண்டு சிண்டெல்லாம் 'நீ' என்றுதான் கூப்பிடும். பதினெட்டு வயதில் இவர் ஒரு நாள் அவரிடம், "வாங்கோ, கதிரையில இருங்கோ" என்றாராம். இவருடைய அப்பா எல்லார் முன்னாலும் இவரைக் கன்னத்தில் அறைந்தாராம். இவருடைய வாழ்க்கையில் கிடைத்த பதக்கம் அந்த அறை.

என் வாயும் சுத்தமில்லை. எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வருவார். என் தாத்தாவைவிட மூத்தவர். ஏழு வயதில் நான் அவரை "நீ அங்கால நில்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் தள்ளி நின்றார். அவருடைய முழுப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

அப்படியிருக்க, பதினெட்டு வயதில் அறை வாங்கிய இவர்மேல் எனக்கு எப்போதும் ஒரு மதிப்பு. இவரைக் கட்டச் சம்மதித்ததற்கு அந்தக் கதையும் ஒரு காரணம். அதனால்தான் அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். இவர் டிவியில் பனிப்புயல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிவிக்கு முன்னால் நின்றேன்.

"அந்தக் கிழவருக்கு நீங்கள் எண்டு சொல்லி அப்பாட்டை அடி வாங்கினனீங்கள். எனக்கு நீங்கள் எண்டு சொன்னால் உங்களை ஆர் அடிக்கப் போறது?"

இவர் டிவியை நிறுத்தவில்லை. நான் நடுவில் நின்றதால் எதையும் பார்க்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். வெளியே இருபது பாகை குளிர், அதுவும் சைபருக்குக் கீழே. திரும்பி வந்தபோது கையில் டெப்பனரில், அதாவது மூலைக் கடையில், வாங்கிய பால் பெட்டி இருந்தது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெட்டி பால் இருந்தது.

மறுநாள் நான் வகுப்புக்குப் போனேன். போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை.

மீசைக்காரப் புருசன்

சோதனை நாள் வந்தது. கந்தோர்ப் பேச்சு எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. அடுத்தது வீட்டுப் பேச்சு. மீசை வைத்த ஒரு பரிசோதகர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் என் கணவராம். காரில் மூடிய பனியை அவர் ஏன் இன்னும் அகற்றவில்லை என்று நான் கேட்க வேண்டுமாம்.

கேட்டேன். தூ ஏன் அகற்றவில்லை என்றேன். நேற்றும் தூ இதைத்தான் சொன்னாய் என்றேன். தூ சப்பாத்து, தூ குப்பை, தூ உன் சிநேகிதர், தூ உன் புரட்சி, தூ உன் தோழர் என்று போனது. இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது, மூச்சு மட்டும் விடவில்லை. மீசைக்காரர் ஒரு கட்டத்தில் தான் பனியை உடனே அகற்றுவதாக ஒத்துக்கொண்டார். நேரம் முடிந்துவிட்டது, அம்மணி, என்று இரண்டு தரம் சொன்னார்.

அவருடைய தாளில் 'மிக இயல்பான பேச்சு' என்று எழுதியிருந்ததாக ஜெனெவியெவ் பிறகு சொன்னாள். சித்தியடைந்துவிட்டேன். கவுண்டர் எனக்கு.

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ். வழி முழுக்க யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தது இவர். அரை நாள் லீவு போட்டிருந்தார். ஒரு மாதிரி நெளிந்துகொண்டு நின்றார்.

"என்ன மாதிரி, பாஸ் பண்ணீட்டியளோ?"

எனக்குப் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டில் ஒருவரும் இல்லை. அந்த மரியாதை எனக்குத்தான் என்று பிறகுதான் விளங்கியது. அதிர்ச்சியில் வாய் தன் பாட்டுக்குக் கேட்டது.

"என்ன சொன்னனி?"

இவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாஸ் பண்ணீட்டியளோ எண்டு கேட்டனான்" என்றார். உள்ளே வாங்கோ என்றார். சப்பாத்தைக் கழற்ற என் விரல்கள் மடங்கவில்லை. குனிந்து இவரே கழற்றினார். இவர் தலை உச்சியில் முடி கொட்டியிருப்பதை அன்றைக்குத்தான் மேலிருந்து பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோசம். அழுகையும் வந்தது. இரண்டையும் கோட்டுக்குள் மறைத்தேன்.

அன்று தொடங்கி எங்கள் வீட்டில் இவருக்கு நான் நீங்கள், எனக்கு இவர் நீ. இதைச் சொன்னபோது ஜெனெவியெவ் தலையில் கை வைத்தாள். இது சமத்துவம் இல்லை, சிம்மாசனத்தில் ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான், புரட்சி செய்தவர்கள் எல்லாரும் செய்கிற அதே பிழையை நீயும் செய்கிறாய் என்றாள். இருக்கலாம். கோயிலில் இப்போது என்னைக் கண்டால் சில ஆண்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வேறு வரிசைக்குப் போகிறார்கள். சில மனைவிகள் அந்த வரிசையிலிருந்து என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

போன மாதம் இவர் மெல்லமாகக் கேட்டார்.

"இஞ்சேருங்கோ, உது எப்ப சமனாகும்?"

"இருபத்தேழு வருசம் ஆகும்" என்றேன்.

இவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப எனக்கு எண்பத்தொன்பது."

"ஓம். அதுவரைக்கும் இருந்து துலை."